எள்ளு வளையமும் கடுங்காப்பியும்

காலடிப்பேட்டை,
27.03.2025

அன்புள்ள ஷிபின் அண்ணனுக்கு,

தங்கை மகிமா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கும் அண்ணியின் சுகத்துக்கும் ஜெபிக்கிறேன். கத்தரீனா அக்கா என்று எழுத நினைத்தேன், அண்ணி என்று வந்துவிட்டது. அடித்துத் திருத்தவில்லை.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போன் கடை மேசையில் அப்பாவிடம் இருக்கிறது. ஆட்கள் சுற்றி நின்றால் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ஆலிஸ் அக்காவின் கணவர் கப்பல் வேலையாக விமானத்தில் உங்கள் கிரீஸ் தெசலோனிக்கிக்கு வருகிறார். அதனால் அவர் கையில் இந்தக் கடிதம்.

நம் மளிகைக் கடை ஓடுகிறது. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டால் சரக்கு வந்து சேர மத்தியானமாகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, மருந்து போடுகிறார். பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் கடைக்கு உள்பக்கம் உட்கார்ந்து பொட்டலம் கட்டுகிறேன்.

இனி அம்மா விஷயம். லெந்து நோன்பு தொடங்கிய வாரத்தில் நீ ஒரு படம் அனுப்பினாயே, சந்தையில் நின்று சுட்ட ஆக்டோபஸ் காலைக் கடிக்கிற படம், அதில்தான் எல்லாம் கெட்டது. லெந்து முழுக்க நம் வீட்டில் கறி மீன் கிடையாது என்று உனக்குத் தெரியாதா? வாயைக் கட்டத் தெரியாதவன் கல்யாணம் கட்டப் போறானாக்கும் என்று அம்மா சொன்னாள். அன்றிலிருந்து உன் போனை எடுக்கவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம், அம்மாவின் ஆசீர்வாதம் வேண்டும் என்று நீ கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண்தான் உன்னைக் கெடுத்தாள் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

பிறகு நீ போனில் பேசி அனுப்பியதைக் கேட்க அப்பா எனக்குக் கொடுத்தார். மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பலமுறை கேட்டேன். கூரை போட்ட பழைய கபானி சந்தை, வாளி வாளியாக ஆலிவ் காய், கத்தியால் வெட்டித் தருகிற எள்ளு அல்வா, காலையில் தெருமுனைத் தள்ளுவண்டியில் எள்ளு ஒட்டிய வளைய ரொட்டி. அண்ணியின் ஊரில் லெந்து நாட்களில் கறி, மீன் மட்டுமல்ல, பால், வெண்ணெய், முட்டைகூடக் கிடையாதாமே. ரத்தமில்லாத கடம்பாக் கணவாய், ஆக்டோபஸ், சிப்பிக்கு மட்டும்தான் அனுமதியாம். பாலேடு வைத்த பலகாரக் கடைப் பக்கம் அண்ணி திரும்பக்கூட மாட்டாள் என்றாயே. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நான் போய் நின்றால் அரிசி களைந்து போடு என்பாள்.

சொல்லத் தெரியாததைச் செய்து காட்டலாம் என்று காசிமேட்டுக்குப் போனேன். மீன் விற்கும் மங்கம்மாவின் கூடைக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். இன்னா பாப்பா, மொறச்சிப் பாத்துக்கினே நின்னா கடம்பா தானா எந்திரிச்சி வருமா, வாயத் தொறந்து கேளு என்றாள். பிறகு அடையாளம் கண்டு, நோம்புல உங்க வூட்ல மீனே துன்ன மாட்டீங்களே, யாருக்கு இது என்று கேட்டாள். இதில் ரத்தம் இருக்குமா என்று கேட்டேன். ரத்தமா, இதுக்கு மையி தான் கீது, பேனாவுல ஊத்தி நீ எழுதலாம் என்று அறுத்துக் காட்டினாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் வேறொன்றைச் சுத்தம் செய்யாமல் அப்படியே கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவிட்டேன்.

ரொட்டிக்கு மாவு பிசைந்து வளையமாக்கி, சீனித் தண்ணீரில் நனைத்து நம் கடை எள்ளில் புரட்டினேன். அமீருதீன் பாய் தன் பேக்கரி அடுப்பில் சுட்டுக் கொடுத்தார். எனக்கும் நோம்பு, உனக்கும் நோம்பு, ருசி யாருமா பாக்கறது என்றார். அப்போதாவது எனக்கு உப்பு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

வீட்டில் கடம்பாவைப் பார்த்ததும் அம்மா முகம் மாறிவிட்டது. லெந்து நாளில் யாருட்டி உனக்கு இதைக் கற்றுக் கொடுத்தது என்றாள். நான் அதை அவள் முன்னாலேயே அறுத்தேன். பாத்திரம் முழுக்கக் கறுப்பு, சிவப்பு ஒரு துளி இல்லை. அண்ணன் தின்றது நோன்பை முறிக்கவில்லை, அந்த ஊர் நோன்பில்தான் தின்றான் என்று சொல்லி, நீ சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

அம்மா கடம்பாவைத் தொடவில்லை. அடுத்த வீட்டு ஆவுடையம்மாள் அக்காவுக்குக் கொடுத்துவிட்டு வா என்றாள். நல்லவேளை, இல்லாவிட்டால் எனக்குத்தான் சோதனை என்றார் அப்பா. ரொட்டி வளையத்தை மட்டும் அம்மா பிட்டு வாயில் போட்டாள். உப்பு எங்கட்டி என்றாள். இன்னொரு துண்டும் பிட்டாள். கொஞ்சம் கழித்து, பாலு கூடக் கிடையாதா, மோரும் கிடையாதா என்று கேட்டாள். இரண்டும் கிடையாது என்றேன். அப்ப அந்தப் பிள்ளை காலையில என்னத்தக் குடிக்கும் என்றாள். எனக்குத் தெரியவில்லை. நீ எழுது.

மறுநாள் காலையில் அப்பாவுக்கும் எனக்கும் பால் காப்பி கொடுத்துவிட்டு, தனக்குக் கருப்பட்டிக் கடுங்காப்பி போட்டுக்கொண்டாள். வயிறு மந்தமாக இருக்கிறதாம். அன்றிலிருந்து தினமும் மந்தமாகத்தான் இருக்கிறது.

பார்சலில் இருக்கிற எள்ளு உருண்டை அம்மா பிடித்தது. நெய் விடவில்லை, அதனால் உதிரும். மெதுவாகப் பிரி.

முக்கியமான ஒன்று. நேற்று அம்மா பீரோவைத் திறந்து சந்தன நிறப் பட்டுச் சேலையை எடுத்து வெயிலில் உதறினாள். ஆலிஸ் வீட்டுக்காரர் திரும்பும்போது ஜாக்கெட் தைக்க அளவுச் சட்டை ஒன்று கொடுத்தனுப்பச் சொல்லு என்றாள். யாருடைய அளவு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அண்ணிக்கு உடம்போடு பொருந்துகிற பழைய சட்டையாகப் பார்த்து அனுப்பு. அவர் குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்னால் வந்துவிடுவார். தைக்கிற நவ்ரீன் அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் வீடு வந்ததும் போன் செய், அண்ணே. போனை அம்மா பக்கத்தில் வைத்துவிட்டு நானும் அப்பாவும் வெளியே போய்விடுவோம். வெகுநேரம் அடிக்கும். நீ வைத்துவிடாதே.

உங்கள் இருவரையும் கர்த்தர் காப்பாராக.

அன்புடன்,
மகிமா