அப்பா கட்டும் துணி

வாலிகண்டபுரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

பூங்குழலி எழுதுகிறேன். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் உன் ரூமுக்குத் திரும்பும் பிரேம்குமாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மழை விடவில்லை. சின்ன வெங்காயம் பாதி அழுகிவிட்டது. மீதியை மூட்டை கட்டியாயிற்று, தூக்கத்தான் ஆளில்லை.

அப்பாவுக்கு மறுபடியும் குடல் இறங்கியிருக்கிறது, போன ஆபரேஷனில் வலை வைத்துத் தைத்த இடத்துக்கு ஓரமாகவே. திருச்சி டாக்டர் இந்த முறை பொறுமையாக விளக்கினார். வயிற்றுச் சுவரைத் தாங்குவது கொலாஜன் என்கிற நார். பழைய நாரைக் கரைக்க உடம்பிலேயே நொதிகள் உண்டு. கரைந்த இடத்தில் புது நார் வளரும். சிலருக்கு நொதி மிஞ்சிப்போய், வளர்வதைவிடக் கரைவது அதிகமாகிவிடும். பீடி அதை இன்னும் கூட்டும். குடும்ப வழியாகவும் வரலாம் என்றார்.

அப்பா முகம் தெளிந்துவிட்டது. "அப்ப மூட்ட தூக்குனது மட்டும் காரணமில்லீங்களா சார்? இவ ஆத்தா இத்தன வருசமா என்னையத் திட்டுனாளே!" என்று சிரித்தார். சிரிப்பு இருமலானது, புடைப்பைக் கையால் அமுக்கிக்கொண்டார். இந்த நுரையீரலோடு இன்னொரு ஆபரேஷன் தாங்கமாட்டார் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

போன வாரம் நீ போனில் அம்மாவிடம், மூட்டை தூக்குமுன் அப்பா புடைப்பின்மேல் காசு வைத்துத் துணி கட்டுவாரே, அது எப்படி என்று கேட்டாய். "கொழந்த தொப்புளுக்குக் கட்டுற மாதிரிதான்டா. படுத்துக்கிட்டு உள்ள தள்ளிட்டு இறுக்கிக் கட்டணும். எதுக்குக் கேக்குற?" என்றார் அம்மா. ரூமில் ஒருத்தனுக்கு என்றாய். அம்மா நம்பிவிட்டார்.

அந்த ஒருத்தன் யாரென்று எனக்குத் தெரியும் அண்ணே. அந்தக் கட்டு வீக்கத்தை மறைக்கும். கரைந்த நாரை ஒட்டவைக்காது. அதை நம்பியிருந்துதான் முதல் முறை அப்பாவுக்குக் குடல் சிக்கிக் கறுத்து, வெட்டியெடுக்க வேண்டி வந்தது.

நீ டாக்டரிடம் காட்டினால் பாரம் தூக்க லாயக்கில்லை என்று வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள். அனுப்பட்டும். இங்கே வந்து என்ன செய்வது என்று கேட்பாய். எனக்கும் தெரியவில்லை. வயது குறைந்தவருக்குத் தைத்தால் நிற்குமா என்று யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். திருச்சி டாக்டர் உறுதி சொல்லவில்லை. இருந்தும் வா. அதுவரை சிகரெட்டையாவது விடு. வலியோடு வாந்தி வந்தால் விடியட்டும் என்று படுத்திருக்காதே, யாரையாவது எழுப்பு. கூச்சப்படாதே.

அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. தன்மேல் தப்பில்லை என்ற நிம்மதியில் இருக்கிறார். குடும்ப வழி என்று டாக்டர் சொன்னதை அவர் இன்னும் உன்னோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நீ நடந்து வந்து அவர் முன்னால் நிற்கும்வரை, பார்க்காமலே இருக்கட்டும்.

உன் தங்கை,
பூங்குழலி