கொக்குக்குப் பக்கத்து நாற்காலி

மார்ச் 3, செவ்வாய்

தொலைக்காட்சியில் ஒத்திகை. பழைய கைப்பந்து ஆட்டம் ஒன்றைத் திரையில் ஓடவிட்டு, "பேசுங்க" என்றார்கள். பேசச் சொன்னால் நான் என்றைக்கு யோசித்திருக்கிறேன்? வானொலியில் இத்தனை வருடம் பேசியபடியே ஆரம்பித்தேன். பந்து உயரே எழுகிறது, மஞ்சள் சட்டைக்காரர் ஓடி வருகிறார், தாவுகிறார், இதோ அடிக்கிறார்...

காதில் மாட்டியிருந்த கருவிக்குள் இயக்குநரின் குரல். என்னைவிட ரொம்ப இளையவள். "அக்கா, குரல் தேன் மாதிரி இருக்கு. ஆனா பார்க்கிறவங்களுக்குக் கண்ணு இருக்கு அக்கா."

வீட்டில் சொன்னால் இவர், என் வீட்டுக்காரர், விழுந்து விழுந்து சிரிக்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அல்லவா! "கண்ணு சரியாத் தெரியாதவங்க யாராவது உன் பேச்சை நம்பிட்டாங்கன்னா என் கடை என்னாகிறது?" என்கிறார். மகளுக்கு அதைவிடச் சிரிப்பு. சிரிக்கட்டும். வானொலியில் நேரடி விளையாட்டை நிறுத்திய நாளிலிருந்து இந்த வீட்டில் நான் சிரித்து அவர்கள் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து இன்றுதான் வேலை என்று ஒன்றுக்குப் போய் வந்திருக்கிறேன்.

மார்ச் 4, புதன்

பேசும்போது வளையல் போடக் கூடாது. மைக்குக்கு எல்லாமே கேட்கிறது.

மார்ச் 7, சனி

முதல் ஆட்டம். என் பக்கத்தில் ஆட்ட நிபுணராக உட்கார்ந்தவர் ஒரு காலத்தில் பெரிய செட்டர். அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் ஆட்டக்காரர். கை பட்டால் பந்து சொன்னபடி கேட்குமாம். நல்ல உயரம், மெலிந்த கழுத்து, அசையாத பார்வை. பார்த்ததுமே மனதுக்குள் 'கொக்கு' என்று பெயர் வைத்துவிட்டேன்.

என் வேலை நடப்பதைச் சொல்வது, அவர் வேலை அது ஏன் நடந்தது என்று சொல்வது. ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது. நடந்தது வேறு.

"அருமையான அடி இல்லையா சார்?"

"ம்."

"இந்த செட்டில் நீல அணி கொஞ்சம் தடுமாறுகிறதோ?"

"ஆமா."

"பயிற்சியாளர் இடைவேளை கேட்டிருக்கிறார். என்ன சொல்லுவார்?"

ரொம்ப நேரம் யோசித்தார். "திட்டுவார்."

அவ்வளவுதான்! மிச்ச நேரத்தை எல்லாம் நானே இட்டு நிரப்பினேன். பந்தைப் பற்றிப் பேசினேன், கூட்டத்தைப் பற்றிப் பேசினேன், அரங்கத்தின் கூரையைப் பற்றிக்கூடப் பேசினேன் என்று நினைக்கிறேன். முடிந்ததும் தொண்டை கட்டிவிட்டது. கொக்கு எழுந்து, தலையை லேசாக ஆட்டிவிட்டுப் போனார்.

மார்ச் 8, ஞாயிறு

மகள் தன் ஃபோனில் நேயர்கள் எழுதியதையெல்லாம் வாசித்துக் காட்டினாள். வேண்டாம் வேண்டாம் என்றேன், கேட்டால்தானே?

'அந்த அம்மா மூச்சு விடுறாங்களா இல்லையா?'

'பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது ஆளா, தூணா?'

'சத்தத்தைக் குறைச்சுட்டுப் பார்த்தேன். ஆட்டம் நல்லா இருந்தது.'

மூன்றாவதைத்தான் தாங்க முடியவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். நான் என்னதான் பண்றது? அவரு பேசலைன்னா நான் பேசணும். நான் பேசினா அதிகமாப் பேசுறேன்கிறாங்க. தூணுக்குப் பக்கத்துல உட்கார்ந்து எவளாலதான் கச்சேரி பண்ண முடியும்?

சாயங்காலம் இயக்குநர் அழைத்தாள். சுற்றி வளைக்கவில்லை. இன்னும் இரண்டு ஆட்டம். அதற்குள் நாங்கள் தேறாவிட்டால் இறுதி ஆட்டத்துக்கு வேறு ஜோடி வரும். அவர்கள் பேர்போனவர்கள், தயாராகவும் இருக்கிறார்கள். "எனக்கு உங்க ரெண்டு பேரையும் பிடிச்சிருக்கு அக்கா. ஆனா மேலே இருக்கிறவருக்கு என் பிடிப்பைக் கணக்குக் காட்ட முடியாது."

மார்ச் 11, புதன்

முந்தைய ஆட்டத்தை வீட்டில் முழுதாகப் போட்டுப் பார்த்தேன். என் பேச்சு ஒரு மழை மாதிரி. நின்றால் தேவலை என்று எனக்கே இருந்தது. நல்ல மழைதான், ஆனாலும்.

மார்ச் 12, வியாழன்

இன்று ஒன்று நடந்தது. மறக்கும் முன் எழுதிவிட வேண்டும்.

அணிகள் பயிற்சி செய்வதைப் பார்க்க அரங்கத்துக்குப் போனேன். மேல் வரிசையில் கொக்கு தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின் வரிசையில் போய் உட்கார்ந்தேன். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. கீழே ஆடிக்கொண்டிருந்தார்கள். இவர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"இடது... நடு... பின்னாடி... இடது... பின்னாடி."

என்ன முணுமுணுப்பு என்று பார்த்தால் – கீழே செட்டர் பந்தைத் தொடும் முன்பே, அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்! ஒவ்வொன்றும் சரி. ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தப் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். கொக்குக்கு ஒன்றே மதி என்பார்களே, அது இதுதான்.

"சார், எப்படிச் சொல்றீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார். அப்புறம், "முதுகு" என்றார்.

"முதுகா?"

"வளையுது பாருங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. எழுந்து காட்டுங்க சார்."

எழுந்தார். காலைக் கொஞ்சம் அகட்டி, இரண்டு கைகளையும் நெற்றிக்கு மேலே தூக்கினார். அதோடு வாயும் திறந்துகொண்டது! "பந்து பின்னாடி போகணும்னா அதுக்கு அடியில நுழையணும். நுழைஞ்சா இடுப்பு முன்னாடி வரும், முதுகு வில்லு மாதிரி ஆகும். மறைக்கணும்னு எல்லாரும் பார்ப்பாங்க. இந்த நீலச்சட்டைப் பையன் நல்லா மறைக்கிறான், ஆனா கட்டை விரலை மறந்துடறான். இப்பப் பாருங்க, பின்னாடி."

பின்னால்தான் போனது.

கை தூக்கியபடியே இன்னும் பேசினார். பந்து வராது என்று தெரிந்தும் நடுவில் ஒருவன் வீணாகத் தாவுகிறானே, அது வீணில்லை. எதிரணியின் தடுப்பை அவன்தான் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறான். "பந்தே தொடாம ஒரு புள்ளி எடுத்துக் கொடுக்கிறான் மேடம். அவன் பேரை யாரும் சொல்றதில்ல." இத்தனை வருடம் வர்ணனை செய்தவள் நான். நானும் சொன்னதில்லை.

உட்கார்ந்தார். வாய் மூடிக்கொண்டது.

பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. எங்கள் மேசையில் இருப்பது வாயோடு ஒட்டிக் கையில் பிடித்துப் பேசும் மைக். அவருடைய கையைக் கட்டிப்போட்டுவிட்டு வாயைத் திற என்கிறோம்!

மார்ச் 14, சனி

இரண்டாவது ஆட்டம். ஒலிப்பதிவுக்காரரிடம் நச்சரித்து, தலையில் மாட்டும் மைக் வாங்கிவிட்டேன். மகளின் பழைய பந்து ஒன்றையும் பையில் கொண்டுபோய்க் கொக்கின் மடியில் வைத்தேன். "இது எதுக்கு மேடம்?" "சும்மா வச்சுக்கோங்க சார்."

இன்றைக்கு நான் வைத்திருந்தது ஒரே திட்டம். 'அருமையான அடி இல்லையா' என்று கேட்டால் எந்த மனிதனும் ஆமாம் என்றுதான் சொல்லுவான். அதனால் இன்று கேட்டதெல்லாம் எப்படி, ஏன், நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது. அந்த இரண்டாவது பாதி பிரசவ வேதனை.

ஆனால் பேசினார்! பந்தை உருட்டி உருட்டிப் பேசினார். மூன்றாவது செட்டில் நான் கேட்காமலே, "இப்ப பாருங்க, சர்வ் போடுறவர் மூச்சு வாங்குறார். பந்தை வழக்கத்தைவிடத் தாழத் தூக்குவார், வலையிலதான் படும்" என்றார். பட்டது. காதுக்குள் இயக்குநர் கைதட்டிய சத்தம் கேட்டது.

இரவுச் சாப்பாட்டின்போது மகள், "அந்த அங்கிள் செமையாப் பேசுறார்மா" என்றாள். நான்? "நீயும் பரவாயில்ல. கம்மியாப் பேசினே." போதும். நிம்மதியாகத் தூங்கலாம்.

மார்ச் 21, சனி

இன்றைக்கு நடந்ததற்குச் சிரிப்பதா பயப்படுவதா தெரியவில்லை.

மூன்றாவது ஆட்டம், அரை இறுதி. நீலம் இரண்டு செட் ஜெயித்துவிட்டது, மஞ்சள் ஒன்று. நான்காவது செட்டில் இருபத்து மூன்று, இருபத்து இரண்டு என்று நீலம் முன்னால். இன்னும் இரண்டு புள்ளி எடுத்தால் ஆட்டம் முடிந்தது. அரங்கமே நீலத்தின் பக்கம். நீலத்தின் செட்டர் பந்தைத் தூக்குகிறான், எதிரே தடுக்க ஆளே இல்லை, கொக்கு உணர்ச்சிவசப்பட்டு இரண்டு கையையும் தூக்குகிறார் –

மடியிலிருந்த பந்து குதித்தது. எங்கள் மேசை ஆடுகளத்தை ஒட்டித்தான். பந்து ஒரு தட்டு, இரண்டு தட்டு, உருண்டு நேரே களத்துக்குள்!

நடுவர் விசில். ஆட்டம் நின்றது. வேறு பந்து உள்ளே வந்தால் அந்தப் புள்ளியை மறுபடி ஆட வேண்டும். கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது. எவன்டா அவன், எவன்டா அவன்.

காதுக்குள் இயக்குநர். "யார் பந்துன்னு சொல்ல வேண்டாம் அக்கா. வெளியிலேருந்து ஒரு பந்து வந்துடுச்சுன்னு சொல்லிட்டு மேலே போங்க."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்திலிருந்து –

"அது என் பந்து."

திரும்பிப் பார்த்தேன். மடி காலி. கையும் காலி. ஆனாலும் பேசினார்.

"என் மடியிலேருந்துதான் விழுந்துச்சு. நடுவர் செஞ்சது சரி, யாரும் அவரைத் திட்டாதீங்க. அந்தப் புள்ளி நீலத்துக்குத்தான் கிடைச்சிருக்கும், அதை நான்தான் கெடுத்தேன். நானும் ஆடினவன். இப்ப அந்தப் பசங்களுக்கு வயிறு எப்படி எரியும்னு எனக்குத் தெரியும். மன்னிச்சுக்கோங்க."

மறுபடி ஆடினார்கள். நீலத்தின் சர்வ் வலையில் பட்டு விழுந்தது. சமம். அரங்கத்தில் ஒரு பெரிய 'ஐயோ'. என் நெஞ்சிலும்தான்.

"இதுவும் என்னாலதான்" என்றார் கொக்கு. "சும்மா நின்னதுல தோள் ஆறிப்போச்சு. சூடு ஆறின தோளால அவ்வளவு வேகமா அடிக்கக் கூடாது. பயிற்சியாளர் அவனைத் திட்ட வேண்டாம்."

எனக்குப் பேச எதுவுமே இல்லை. பேசவும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

அந்த செட் நீலத்தின் கையைவிட்டுப் போனது. ஐந்தாவது செட்டுக்கு இழுத்தது. அதில் நீலம் ஜெயிக்கும்வரை நாங்கள் இருவரும் மேசைக்கு அடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பதை வீட்டுக்கு வந்து இவரிடம் மட்டும் சொன்னேன். "கையையாவது நழுவவிடாமப் பிடிச்சீங்களே, அதுவரைக்கும் நல்லது" என்றார்.

மார்ச் 22, ஞாயிறு

வேலை போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். பந்தைக் கொண்டுபோனது நான்தானே! காலையிலேயே இயக்குநரை அழைத்து, பந்து அவருடையதில்லை, என்னுடையது, கேட்டால் என் பேரைச் சொல் என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் அவளே அழைத்தாள். "மேலே இருக்கிறவர் நேத்து ஆட்டத்தை ரெண்டு தடவை பார்த்தாராம்."

"சரி."

"நேயர்கள் எழுதினதையும் படிச்சாராம்."

"சொல்லித் தொலையேன்டி!" – பதவியாவது மரியாதையாவது.

"இறுதி ஆட்டம் உங்களுக்குத்தான் அக்கா. தன் தப்பை இப்படிச் சொல்ற ஆளு, ஆட்டக்காரன் தப்பைச் சொன்னா ஜனங்க நம்புவாங்கன்னார். ஒரே நிபந்தனை. அந்தப் பந்தைக் கட்டிப் போடணுமாம்."

நான் போட்ட கூச்சலில் மகள் குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடி வந்தாள். இவர் கடையை ஒரு மணி நேரம் முன்னதாகவே பூட்டிவிட்டு வந்தார். காரணம் கேட்டதற்கு, "இன்னிக்கு எல்லாருக்கும் கண்ணு நல்லாத் தெரியுது" என்றார்.

மார்ச் 29, ஞாயிறு

இறுதி ஆட்டம். பந்தை வலைப்பையில் போட்டு, ஆட்டுக்குட்டி மாதிரி நாற்காலிக் காலில் கட்டியிருந்தார்கள். கொக்கு உட்கார்ந்ததும் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார், கயிற்றோடு.

நீலம் தோற்றது. எனக்கு வருத்தம்தான், ஆனால் என்ன ஆட்டம்! கடைசிப் புள்ளிக்கு முந்தின புள்ளியில் நடுவில் ஒருவன் வீணாகத் தாவினான். கொக்கு அவன் பேரை முழுதாகச் சொன்னார், அவன் ஊரையும் சொன்னார். நானும் சொன்னேன், திரும்ப ஒரு தடவை. அவனுடைய அம்மா எங்கேயாவது பார்த்துக்கொண்டிருப்பாள் இல்லையா?

வெளியே வரும்போது தள்ளாத வயதுக்காரர் ஒருவர் கொக்கின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "நாப்பது வருஷமாப் பார்க்கிறேன் தம்பி. பந்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்னு இப்பத்தான் தெரியுது." கொக்குக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைக் கேட்டால், எங்கள் தொழிலில் இதற்கு மேல் சம்பளம் இல்லை.

ஏப்ரல் 16, வியாழன்

கொக்கு வீட்டிலிருந்து அழைப்பு. அவர்தானோ என்று எடுத்தேன். அவர் மனைவி.

"அக்கா, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவர் வாயிலேருந்து நாலு வார்த்தை சேர்ந்தாப்பல கேட்டதில்ல. இப்ப சாப்பாட்டு மேசையில உப்பு டப்பா ஒரு அணி, டம்ளர் எல்லாம் ஒரு அணி. பிள்ளைங்க சாப்பிட்டு, கை கழுவி, தூங்கவே போயாச்சு. இவர் இன்னும் மூணாவது செட்ல இருக்கார். இவரை எப்படி நிறுத்துறது?"

பின்னால் அவர் குரல் கேட்டது. யாருக்கோ, அநேகமாக டம்ளருக்கு, தடுப்பு எங்கே நிற்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோம்மா" என்றேன். "அன்னிக்குப் புதுப் போட்டி ஆரம்பிக்குது. அப்புறம் நான் பார்த்துக்கறேன்."