சந்தனம் வைத்த டேப்லெட்

இன்று காலை எழுமலையிலிருந்து பஸ் பார்சலில் ஒரு டேப்லெட் வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் சந்தன வாசம். திரையின் மூலையில் குங்குமம், உறையின் மடிப்பில் நாலு பொரி. முத்துலட்சுமி அக்காவுடையதுதான் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆயுத பூஜைக்கு அதை அணைத்து, அரிவாள்மணைக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறார், மறுபடியும். உன்னிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று திரும்பினேன். உன் நாற்காலியில் வேறொருவர் வந்து நாளாகிறது. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை.

அந்த வருஷமும் இதே கதைதான். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளின் எடையும் ரத்த அழுத்தமும் பதிகிற பெண்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த டேப்லெட்டுகள் அவை. பார்த்துக்கொள்வது நம் வேலை. எல்லாம் பூட்டு போட்டுக் கொடுத்தவை. செட்டிங்ஸுக்குள் அவர்கள் நுழைய முடியாது, ஊர்ச் சுகாதார மையத்து வைஃபையைத் தவிர வேறெதிலும் சேராது. பூஜை விடுமுறையில் நம் ஆபீஸ் அந்த வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றியது. விழித்திருந்த டேப்லெட்டுகளுக்கு முன்கூட்டியே தகவல் போய்விட்டது. அக்காவுடையது சாமி முன்னால் தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்து பார்த்தால் தெரிந்த வைஃபை ஊரிலேயே இல்லை. புதியதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்றால் அதற்கும் நெட் வேண்டும். கிணற்றில் விழுந்தவனை மேலே வந்து கயிறு வாங்கிக்கொள்ளச் சொன்ன மாதிரிதான்.

ரீசெட் செய்துவிட்டு வாருங்கள் என்று ஆபீஸில் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். செய்திருந்தால் நெட் வந்திருக்கும், உள்ளே இருந்ததெல்லாம் அழிந்து அக்காவின் வேலை போயிருக்கும். பூஜைக்கு முன்னால் மலையடிவாரத்து வீடுகளில் நடந்து நடந்து பதிந்ததெல்லாம் அனுப்பப்படாமல் உள்ளேயே கிடந்தது. அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை என்று மேற்பார்வையாளர் அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். வேலைக்கு வேறு ஆள்கூடப் பார்த்தாகிவிட்டது. போனதற்கு அக்காவிடம் இருந்த ஒரே சாட்சி அந்த டேப்லெட்தான்.

நாம் இருவரும் போன பஸ் உசிலம்பட்டி தாண்டிக் குலுங்கியதில் எனக்குத் தலைவலி. அக்கா வீட்டுக்குப் போனதும் பூஜையில் எதற்கு வைத்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். நீ என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், "சாப்ட்டீங்களாக்கா?" என்றாய். அக்கா இல்லை என்றதும் அவரைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் பையையே திறந்தாய். டேப்லெட்டைப் பார்க்க வந்தோமா, பந்தி விசாரிக்க வந்தோமா என்று உன்னைக் கேலி செய்தேன்.

"வெறும் வயித்துல கெட்ட சேதி கேக்கக் கூடாதுடி" என்றாய். உனக்கே அப்போது நம்பிக்கை இல்லை என்பது எனக்கு அதில்தான் புரிந்தது.

வாசலில் சிக்னல் இல்லாததால் மூவரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். காய வைத்த மிளகாயின் நெடியில் நான் தும்மிக்கொண்டிருந்தேன். நீ என் போனைப் பிடுங்கினாய். "அதுக்குத் தெரிஞ்ச பேர்லயே நாம நிப்போம்டி" என்று என் ஹாட்ஸ்பாட்டுக்கு மையத்தின் பழைய வைஃபை பெயரையே வைத்தாய். பழைய பாஸ்வேர்டை நான் சொன்னேன். டேப்லெட் அசையவில்லை. அக்கா எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பழைய டேப்லெட்டுக்கு எட்டாத அலைவரிசையில் என் போன் நின்றிருந்தது. நீ அதையும் கண்டுபிடித்து மாற்றினாய். இந்தத் தடவை சேர்ந்துகொண்டது.

உள்ளே கிடந்த பதிவுகள் ஒவ்வொன்றாக மேலே போயின. போன வீடு, போன நாள் எல்லாம் அப்படியே. கூடவே புது வைஃபை விவரமும் இறங்கியது. அக்கா தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நீ பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். ஊருக்கெல்லாம் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்தவள் உன் காய்ச்சலை மட்டும் கடைசிவரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாயே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அந்த ஹாட்ஸ்பாட் பெயரை நான் மாற்றவே இல்லை. இந்தப் பூஜை விடுமுறையிலும் வைஃபையை மாற்றியிருந்தார்கள், இன்றைக்கும் ரீசெட் செய்யத்தான் சொன்னார்கள். நான் போனைப் பக்கத்தில் வைத்து ஹாட்ஸ்பாட்டைப் போட்டேன். குங்குமத்தைத் துடைப்பதற்குள் சேர்ந்துவிட்டது. சரியாகிவிட்டது என்று சொல்ல அக்காவைக் கூப்பிட்டேன்.

அவருக்கு ஒரே சந்தோஷம். "உங்கூட வந்த அந்தச் செல்லூர்ப் புள்ள எப்படித்தா இருக்கு? ஊர்ப் பக்கமே காணோமே" என்றார். உன்னைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"சாப்ட்டீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் சாப்ட்டேன். சொல்லுத்தா."

சொன்னேன்.