பட்டன் டப்பாவில் மாத்திரைகள்

அக்கா,

விரதம் என்று சொன்னதிலிருந்து முட்டை வேகிற வாசனைகூட உங்களுக்கு ஆகாமல் போயிற்று. எனக்கோ அதுதான் பிழைப்பு. திண்டிவனத்தில் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் தினமும் அண்டா நிறைய முட்டை வேகும்போது பக்கத்தில் நிற்கிற அமைப்பாளர் நான். இன்று காலை அந்த வாசனைக்குள் நுழைந்ததும் சமையல் செய்கிற கோமதி என் காலைப் பார்த்துக் கேட்டாள்.

"டீச்சர், ஒரு செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளி வாசல்வரை ஜல்லி கொட்டிக் கிடக்கிற ரோடு. செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. வெறுங்காலோடு அந்த ஜல்லியில் நடந்து வந்ததும் தெரியவில்லை. உள்ளங்கால் கிழிந்து ரத்தம் வந்திருந்தது, வலி மட்டும் வரவில்லை. கோமதி சிரித்துக்கொண்டே துணி எடுக்கப் போனாள். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தோம். உடம்பு இளைக்க, இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு வாழைப்பழம் அளவுக்கு மிச்சம் வைக்கிற ஆபரேஷன், இருவருக்கும் ஒரே நாளில். ஏறிய படியை எண்ணி மூச்சு வாங்கிய உடம்பு இரண்டு பேருக்கும். "வாழப்பழ சைசுல வயித்த வெச்சுக்கினு எப்படிடி கல்யாண வீட்டுக்குப் போறது?" என்று கேட்டீர்கள். சிரித்துச் சிரித்துத் தையல் போட்ட இடமெல்லாம் சுரீர் என்றது. நர்ஸ் வந்து இருவரையும் திட்டினாள்.

உணவு நிபுணரான அந்தச் சின்னப் பெண் மட்டும் சிரிக்காமல் பேசினாள். முதலில் தண்ணீராய், பிறகு மசித்து, பிறகு மெத்தென்ற பண்டம். எப்போதும் புரதம் முதலில், காய் அடுத்து, வயிற்றில் இடம் இருந்தால் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. சத்து மாத்திரை உயிர் உள்ளவரை. வாந்தி இரண்டு நாளைத் தாண்டினால் உடனே போன் செய்ய வேண்டும். நீங்கள் அத்தனையையும் ஒரே வரியில் சுருக்கிவிட்டீர்கள். "முட்ட முன்னாடி, சோறு பின்னாடி. அவ்ளோதான?"

வீட்டுக்குக் கிளம்புகிற அன்றுதான் என் கையைப் பிடித்தீர்கள். உங்கள் தம்பிக்கும் மஸ்கட்டில் இருக்கிற வீட்டுக்காரருக்கும் தவிர ஆபரேஷன் விஷயம் யாருக்கும் தெரியாது. "பொண்ணுக்கு வரன் பாத்துக்கினு இருக்கோம். ஆத்தாக்காரிக்கு வயித்த அறுத்தாங்கன்னா, பொண்ணுக்கு இன்னா சீக்கோன்னு கேப்பாங்க. நீயும் மூச்சு விடாத." சத்தியம் செய்தேன். நானும் என் மாமியாரிடம் பித்தப்பைக் கல் என்றுதான் சொல்லிவைத்திருந்தேன். அதனால் அந்தச் சத்தியம் எனக்குக் கஷ்டமாகவே இல்லை.

மூன்றே மாதத்தில் பாதியாக இளைத்தவரைத் தெருவே நிறுத்திக் கேட்டால் என்ன சொல்வது? திருவக்கரை அம்மனுக்கு விரதம் என்று சொன்னீர்கள். பொண்ணுக்கு நல்லபடியாகக் கல்யாணம் ஆகிறவரை கவிச்சி இல்லை, ஒரு வேளைச் சாப்பாடு. விழுப்புரத்தில் உங்கள் தெரு முழுக்க நம்பியது. உங்கள் மாமியார் எல்லோரையும்விட அதிகமாக நம்பினார்.

பொய் சொன்ன பிறகு அதற்குத் தகுந்தாற்போல் இருக்க வேண்டியதாயிற்று. முட்டை போயிற்று, மீன் போயிற்று. வேகவைத்த மல்லாட்டைக் கடலையை முந்தானையில் மறைத்துத் தின்றீர்கள். மாத்திரைகளைத் தையல் மெஷினுக்கு அடியில் இருக்கிற பட்டன் டப்பாவில், ஜாக்கெட் பட்டன்களோடு கலந்து போட்டு வைத்தீர்கள். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது நான் போன் செய்தால், "பட்டன் தெச்சாச்சுடி" என்பீர்கள். நான் இந்தப் பக்கம் சிரிப்பேன். அதை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

என் ஜாக்கெட்டுகளை மாதா மாதம் பிடித்துத் தைத்துத் தந்தது நீங்கள்தான். மிச்சத் துணியை வெட்டவே மாட்டீர்கள். "உள்ள மடிச்சு வெச்சிருக்கேன். மறுபடி பூசணிக்காயா ஆனீன்னா பிரிச்சுக்கலாம்." இன்று நான் போட்டிருக்கிறதும் அதில் ஒன்று. உள்பக்கம் நான்கு வரிசைத் தையல் இருக்கிறது. ஐந்தாவது வரிசை போட நீங்கள் இல்லை.

போன வருஷம் ஆடி மாதம் போனில் சொன்னீர்கள். "ரெண்டு வாரமா எத துன்னாலும் மேல வந்துருது. மாத்திரையும் நிக்கல." ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். "ஆடி போவட்டும். விரதத்த பாதியில வுட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா பேஜாரா பூடும்" என்றீர்கள். நான் வற்புறுத்தவில்லை. அந்த வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றுகிறோம் வா என்று கூப்பிட்டீர்கள், வந்தேன்.

வாசலில் கேப்பங்கூழ் அண்டா, சுற்றிலும் பெண்கள். நீங்கள் உள்ளேயிருந்து கால்களை அகட்டி வைத்து, சுவரைத் தடவிக்கொண்டு வந்தீர்கள். கண்கள் ஒரு இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் ஆடின. என்னைப் பார்த்து, செத்துப்போன உங்கள் அம்மாவின் பெயரைச் சொன்னீர்கள். உடம்பு முன்னும் பின்னும் ஆடிற்று. உங்கள் மாமியார் கற்பூரத் தட்டோடு ஓடிவந்தார்.

"ஆத்தா வந்துட்டா! மஞ்சத்தண்ணி எடுத்தாங்கடி, ஜல்தி!"

உங்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பொண்ணுக்கு எப்போது கல்யாணம் கூடும் என்று கேட்டார்கள். நீங்கள் ஏதோ உளறினீர்கள், அதற்கும் ஒரு அர்த்தம் சொன்னார்கள். நடுவில் ஒரு முறை உங்கள் கண் என்மேல் நின்றது. இது சாமி இல்லை, வயிற்றில் ஒன்றும் தங்காததால் வந்தது என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒரு வார்த்தை போதும். சொன்னால் உங்கள் மானம் போகும், கூடவே என் பித்தப்பைக் கதையும் போகும் என்று பயந்தேன். எல்லோரும் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன் அக்கா.

மூன்று நாள் கழித்து உங்கள் தம்பி வந்து பார்த்து, தூக்கிக்கொண்டு ஓடினார். பி ஒன் என்று ஒரு வைட்டமின், அது அடியோடு தீர்ந்துபோயிருக்கிறது என்றார்களாம். வாந்தி தொடங்கியபோதே வந்திருந்தால் ஊசியிலேயே சரிசெய்திருக்கலாம் என்றார்களாம். உங்கள் தம்பி இதை என்னிடம் மட்டும் சொன்னார். பத்தாம் நாள் உங்களைப் பிணமாகக் கொண்டுவந்து போட்டார்கள். உங்கள் மாமியார் என்னைக் கட்டிக்கொண்டு, "எங்க பூசையில இன்னா கொற வெச்சோம்?" என்று அழுதார். நானும் சேர்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாட்டைக் கண்டாலே பயம். ஒவ்வொரு வாயையும் மென்று மென்று, இது உள்ளே நிற்குமா என்று காத்திருப்பேன். மூன்று வாரமாக எனக்கும் நிற்கவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் உங்களுக்குச் சொன்னதையே எனக்கும் சொல்லிவிடுவார்களோ என்று நாளைத் தள்ளினேன். நீங்கள் ஆடியைச் சாக்குச் சொன்னீர்கள். நான் பள்ளியில் ஆய்வுக்கு வரப்போகிற அதிகாரியைச் சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

கோமதி துணியோடு திரும்பி வந்து காலைத் துடைத்தாள். அவள் விரல் படுவதும் எனக்குத் தெரியவில்லை. எழுந்தேன், தரை சாய்ந்தது, அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டேன். கோமதி பதறிப்போனாள். "டீச்சர், இன்னா இப்படி ஆடறீங்க? காத்து கருப்பு எதுனா பட்டுச்சா? வேப்பிலை ஒடிச்சாரட்டா?"

பித்தப்பை, வெயில், சுகர் என்று பொய்கள் வரிசையாக வந்து நின்றன. உங்கள் கண் என்மேல் நின்றதே, அந்தப் பார்வை வந்தது.

"காத்தும் இல்ல, கருப்பும் இல்ல கோமதி. ஒடம்பு எளைக்க வயித்த அறுத்துக்கினேன். மூணு வாரமா வாந்தி. கால்ல உணர்ச்சி போயிடுச்சு."

சமையல் உதவிக்கு இருந்தவர், தட்டோடு நின்ற பிள்ளைகள், வாசலில் வந்த தலைமையாசிரியை, எல்லோருக்கும் கேட்கிற சத்தத்தில்தான் சொன்னேன். கோமதி வாயில் கை வைத்தாள். "இத சொல்றதுக்கா இம்மாம் நாளு?" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. இந்த ஒன்றுக்குத்தான் நாம் இரண்டு பேரும் அவ்வளவு பயந்தோம்.

சென்னைக்குப் போன் செய்தோம். இங்கே வராதீங்க, பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, எந்த ஆபரேஷன் என்பதை முதலில் சொல்லுங்க, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் பி ஒன் ஊசி போடச் சொல்லுங்க என்றார்கள். கோமதி என்னை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் ஆகிறது. ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது. கால் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. திரும்ப வரும் என்கிறார் டாக்டர், எவ்வளவு என்று கேட்டால் பார்க்கலாம் என்கிறார். பயமாக இருக்கிறது அக்கா, ரொம்பப் பயமாக இருக்கிறது. என் மாமியாரும் வீட்டுக்காரரும் வந்துகொண்டிருக்கிறார்கள். மாமியாரிடமும் நானே சொல்லப் போகிறேன். உங்கள் மாமியாரிடம் போகவேண்டியது இன்னும் பாக்கி, கால் திரும்பினால் விழுப்புரத்துக்கு நடந்தே வந்தாலும் சொல்வேன். பூசையில் குறை இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

வாந்தி நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம் என்கிறார்கள். கோமதி இப்போதே ஒரு முட்டையை உரித்து, மூடாத டிபன் பாக்சில் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். வார்டு முழுக்க வாசனை. யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். உங்கள் வாசலில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையை இன்று சொல்லிவிட்டேன் அக்கா. ஒரு வருஷம் கழித்து, வேறு ஊரில், என் உயிருக்காக.