இஞ்சி போன வழி

மன்னி,

இன்று காலை மண்டி மொஹல்லா சந்தையிலிருந்து புது இஞ்சி வந்தது. தோலைச் சீவியதும் எழுந்த காரமான வாசனையில் கை தானாக நின்றுவிட்டது. சமையலறைச் சன்னலுக்கு எதிரே அந்தக் கொல்லை அறை. இப்போது அதில் விறகும் பழைய அண்டாவும் கிடக்கின்றன.

தேசத்துக்குச் சுதந்திரம் வந்த புதிதில், அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு இந்த மைசூர் வீட்டுக்குள் வந்தோம். நீங்கள் முன்னால், நான் பின்னால். உங்களுக்கு பி.ஏ. கடைசி வருஷம் பாக்கி. சீரோடு நீங்கள் கொண்டுவந்த பெரிய ஆங்கில அகராதிக்குத் தோல் அட்டை. மடிக்கு ஆகாது என்று மாமியார் அதைக் கொல்லை அறைக்குத் தள்ளிவிட்டார். மாதம் மூன்று நாள் நாம் தீட்டென்று ஒதுங்கி உட்காரும் அறை. ஆக, அந்த மூன்று நாள்தான் உங்களுக்குப் படிப்பு. என்ன நியாயமோ!

ஒருமுறை நான் இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அறையிலிருந்து சன்னல் வழியே கூப்பிட்டீர்கள்.

"ஏண்டி, ஜிஞ்சர்ங்கற வார்த்தை எங்கேர்ந்து வந்தது தெரியுமோ? லத்தீன், அதுக்கு முன்னாடி கிரேக்கம், அதுக்கும் முன்னாடி சமஸ்கிருதம். கொம்பு மாதிரி இருக்கறதுன்னு அர்த்தமாம். அகராதிக்காரன் அதோட நிறுத்திட்டான்."

"அவ்வளவுதானா மன்னி?"

"கொம்பாவது! உன் கையில இருக்கு பாரு, இஞ்சிவேர். ஒவ்வொரு ஊர்க்காராளும் அவா வாய்க்குத் தகுந்தாப்போல திருப்பிண்டா. அது கப்பலேறி சீமைக்கே போயிடுத்து. நாமதான் வாசப்படி தாண்டலை."

சிரித்தோம்.

அந்த வாரமே மாமனாரிடம், பரீட்சை எழுதட்டுமா என்று கேட்டீர்கள். கல்லூரி நடந்துபோகிற தூரம்தான். அவர் பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. "ஆத்துல உனக்கு என்ன கொறை?" என்றார். எதைச் சொல்வது? சோறு, புடவை, எல்லாம்தான் இருந்தது. வந்து அம்மி முன் உட்கார்ந்தீர்கள்.

பிறகு நீங்கள் உண்டானீர்கள். வீடே பாயசம் சாப்பிட்டது. "பத்து மாசம் அந்த ரூமுக்குப் போக முடியாதேடி" என்று என் காதோடு சொல்லி அழுதீர்கள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று மாமியார் திருஷ்டி கழித்தார்.

இந்த வீட்டிலேயே கிழவியாகி, போன மாசியில் போய்விட்டீர்கள். அகராதியைக் கறையான் தின்று வெகுகாலம் ஆயிற்று. நீங்கள் சொன்ன வழி மட்டும் என்னிடம் இருக்கிறது. இன்று அந்தச் சன்னலைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன்: ஜிஞ்சர், லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம், இஞ்சிவேர்.

"யாரோட பேசிண்டிருக்கேள்?" என்று வந்து நின்றாள் என் மருமகள்.

"மன்னி அந்த ரூம்ல படிச்சிண்டிருக்கா" என்றேன். "யாரும் கூப்பிடாதேங்கோ."