நான்கு விரல் இடைவெளி

1952 டிசம்பர் 2, செவ்வாய்

காலை முதல் தூறல். கடல் இரைச்சல் அதிகம். அமீதின் மீன் வண்டியை அளந்தேன். பட்டாளத்தில் கழித்துப் போட்ட பழைய பிக்கப். சாமான் ஏற்றும் பின்தட்டு என் மார்பு உயரம். பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை ஒடிந்து இடப்பக்கம் சாய்வு.

பெருநாளுக்கு மாதா சொரூபத்தை இந்த வருடம் தோளில் எடுப்பதில்லை. வண்டியில். என் யோசனை. ஏன் வாயைத் திறந்தேன்? போன வருடம் சொரூபம் தூக்கும் முன்தண்டு யாருக்கு என்று வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் மோதியதில் என் மகன் சவேரிக்குத் தோளில் வெட்டு. வெட்டியவன் தெற்குத் தெரு லூர்து. இரண்டு பேரும் இந்த வருடமும் வருவார்கள்.

சிக்கல்: தெருமுனைச் சிலுவைக் குருசடி முன்னால் புதிதாக இழுத்த மின்கம்பி. மாதாவின் கிரீடம் இடிக்கும். வண்டி போகாதென்றால் பழையபடி தோள்தான்; கம்பியடியில் தண்டைக் கைக்கு இறக்கிக் கடந்துவிடுவார்கள். பிறகு கத்திதான்.

டிச. 3

கிரீடத்தைக் கழற்றி வைக்கலாமா என்று கோயில் கூட்டத்தில் மெல்லக் கேட்டேன்.

பின்னாலிருந்து ஒருவன்: "உம்ம தலைப்பாகைய வேணும்னா கழத்தும் வாத்தியாரே."

சிரிப்பு. உட்கார்ந்துவிட்டேன்.

மின்சார ஆபீஸ் ஆள்: "பெருநாளுக்குன்னுதான் விளக்கே போட்டோம். பெருநாளன்னைக்கே அணைக்கச் சொல்லுதீரா?"

மிச்சம் ஒரே வழி. வண்டியைத் தாழ்த்துவது.

டிச. 5, வெள்ளி

கோட்டாறு. தங்கையன் பட்டறை. ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டெல்லாம் துரு. மண்ணெண்ணெய் ஊற்றி மத்தியானம் வரை காத்திருப்பு. தேய்ந்த பட்டைகளை முழுக்கக் கழற்றி, வளைவு குறைந்த புதுப் பட்டைகள், பழையதைவிட எண்ணிக்கையும் குறைவு.

தங்கையன்: "இனி மெத்தை மாதிரி அமுங்கும் பாத்துக்கிடும்."

அமுங்குவதுதானே வேண்டும் என்றேன்.

அமீது பக்கத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு: "பெருநாள் கழிஞ்சதும் உயர்த்தித் தந்திரணும். ஐஸ் பெட்டி ஏத்தினா அச்சுல இடிக்கும். பெறவு மாதாவா வந்து தள்ளுவா?"

திரும்பும்போது மழை. குடை பட்டறையிலேயே.

டிச. 6, சனி

ஒத்திகை. பகலில் கம்பியில் மின்சாரம் இல்லை. சொரூபத்தின் உயரத்துக்கு மூங்கில் நட்டு, அதன் எடைக்கு மணல் மூட்டை வைத்து, தாங்கிப் பிடிக்கும் எட்டு பேரையும் ஏற்றி, தெருவுக்கு நாலு பேர், குருசடி முன் நிறுத்தினோம். மூங்கில் நுனிக்கும் கம்பிக்கும் நான்கு விரல். மறுபடி பார்த்தேன். நான்கு விரல்தான்.

சவேரியும் லூர்தும் தட்டின் இரண்டு மூலையில். முகம் பார்க்கவில்லை.

எதையோ விட்டுவிட்டதாகத் தோன்றுகிறது. எப்போதும் தோன்றுவதுதான். தூக்கமில்லை.

டிச. 8, திங்கள்

மழை இல்லை. மாலை, விளக்கு போட்ட பிறகு சொரூபம் புறப்பாடு. குருசடி முன் வண்டி நின்றது. நேர் மேலே கம்பி. நான்கு விரல். மூச்சு வந்தது.

ஜெபம் தொடங்கியது. குருசடிக்கு வந்ததும் சொரூபத்தோடு வருகிற எல்லாரும் தரையில் முழங்கால் போடுவது வழக்கம். பிறந்தது முதல் நானும் போட்டிருக்கிறேன். அளவெடுத்த அன்று நினைவில்லை.

தட்டிலிருந்து மூன்று பேர் குதித்தார்கள். தட்டு எழும்பியது. கிரீடமும். நான்கு விரல் இரண்டாயிற்று.

"இறங்காதீங்கலே." என் குரல்தானா என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

லூர்துக்கு ஒரு கால் வெளியே. "குருசடியில முழங்கால் போடாம நிக்கச் சொல்லுதீரா?"

"வண்டியிலேயே போடு. ஆள் குறைஞ்சா கிரீடம் கம்பியில முட்டும். இறங்கினவனும் ஏறுலே."

ஜெபம் நின்றுபோயிற்று. கூட்டம் முழுக்க என்னையே பார்த்தது. லூர்து மேலே பார்த்தான். காலை உள்ளே எடுத்தான். மூவரும் ஏறினார்கள். கிரீடம் தாழ்ந்தது. சொரூபத்தைச் சுற்றி அந்தச் சின்னத் தட்டில் எட்டு பேரும் முழங்கால். இடமே இல்லை. ஒருவன் முழங்கை இன்னொருவன் விலாவில்.

ஜெபம் மறுபடி தொடங்கியது. இத்தனை நீளம் என்று இன்றுதான் தெரிந்தது.

டிச. 9

தூறல். அமீது விடியும் முன்பே வந்து வண்டியை உயர்த்தப் பட்டறைக்கு எடுத்துப் போனான். குடை வாங்கிவர அவனிடம் சொல்ல மறந்தேன்.

சவேரி கஞ்சி குடித்துக்கொண்டே: "லூர்து என் தோளப் பிடிச்சிட்டுத்தான் முழங்கால் போட்டான்."

எந்தத் தோள் என்று கேட்டேன்.

"அந்தத் தோள்தான்."