விரிசலுக்குள் இறங்கிய பெயிண்ட்

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. நானும் பாப்பாவும் நலம். உங்கள் நலத்தை, போனில் நீங்கள் சொல்கிற "ம், இருக்கேன்" என்பதிலிருந்து நாங்களாகவே தெரிந்துகொள்கிறோம். போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் உங்களுக்கும் வருவதில்லை, எனக்கும் வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

காரை விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மோதின நாளிலிருந்து பதினாலு மாதமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. தையலுக்குப் புதிதாக இரண்டு மெஷின் வந்திருக்கின்றன, எனக்கு ஷெட் வேண்டும். பழைய கார்களைச் சேர்த்து வைக்கிற பல் டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். பல்லைத் தட்டுவது போலவே காரையும் ஒவ்வொரு இடமாகத் தட்டினார். முன்பக்கத்தைச் சரிசெய்து, ஓட்டிப் பார்க்கிற நிலையில் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் பேரில் இருக்கிற வண்டி என்பதால் காகிதம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

வேலையை மார்க்கெட் பின்னால் இருக்கிற டிங்கர் பட்டறையில் விட்டிருக்கிறேன். அந்த டிங்கரை எல்லோரும் முணுமுணு என்றுதான் கூப்பிடுகிறார்கள். தகட்டோடு பேசிக்கொண்டே வேலை செய்கிறவர். நல்ல கை என்கிறார்கள்.

பாப்பா ஊன்றுகோல் இரண்டையும் விட்டுவிட்டாள். இப்போது ஒரு கைத்தடி மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் மாடிப்படி எட்டு வரை பிடிமானம் இல்லாமல் ஏறுகிறாளாம். ஆனால் என்னோடு பேசுவதில்லை. கார் விற்கிற செய்தியைச் சொன்ன அன்று, "அதையும் துரத்தறீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவள்தான்.

அங்கே டிரைவர் வேலை காலியாக இருந்தும் வேண்டாமென்று சொல்லி, கிடங்கில் பெட்டி அடுக்கப் போகிறீர்கள் என்று உங்கள் அறை நண்பர் சொன்னார். பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியவர். உங்கள் இஷ்டம். தூசியில் நிற்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மனைவி.

*

என் அன்புக்குரியவருக்கு,

முதலில் ஒன்று. போன மாதம் அனுப்பிய காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். போட்டிருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும். எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை முணுமுணு அண்ணன் ஆள் அனுப்பி என்னைப் பட்டறைக்கு வரச்சொன்னார். தைத்துக்கொண்டிருந்த யூனிஃபார்மை அப்படியே வைத்துவிட்டு, கழுத்தில் டேப்போடு ஓடினேன். கார் முன்பக்கம் மொத்தமாகப் பிரித்துக் கிடந்தது. மட்கார்டு இல்லை, ரேடியேட்டர் இல்லை, பம்பர் இல்லை. அவர் என்னைக் குனியச் சொல்லி, டார்ச் அடித்து ஒரு விரிசலைக் காட்டினார். மட்கார்டுக்கு உள்ளே இருக்கிற தகட்டில், ஸ்பிரிங் போய் உட்காருகிற கிண்ணத்துக்கும் ஸ்டியரிங் பெட்டியை போல்ட் போட்டு மாட்டியிருக்கிற இடத்துக்கும் நடுவில். என் உள்ளங்கை நீளம் இருக்கும்.

"மோதினதுல கிழிஞ்சிருக்கு" என்றேன். அவர் ஒரு ஊசியை எடுத்து விரிசலுக்குள் விட்டுச் சுரண்டினார். நுனியில் பச்சை பெயிண்ட் வந்தது. நம் காரின் பச்சை.

எனக்குப் புரியவில்லை. அவர்தான் சொன்னார். "தங்கச்சி, மோதினதுக்கு அப்புறம் நீங்க இந்தக் காருக்குப் பெயிண்ட் அடிச்சீங்களா?" இல்லை என்றேன். "அப்ப பெயிண்ட் எப்படி உள்ள போச்சு? அடிக்கும்போதே விரிசல் இருந்திருக்கு. அதுக்கு மேலயே அடிச்சு மூடியிருக்காங்க. நீங்க வாங்கறதுக்கு முன்னாடியே இது கிழிஞ்ச வண்டி."

பிறகு ஸ்டியரிங்கை என்னையே திருப்பச் சொன்னார். நான் உள்ளே உட்கார்ந்து திருப்பினேன். அவர் வெளியே இருந்து, "எறங்கி வந்து பாரு" என்று சொல்லிவிட்டு, என் இடத்தில் தான் உட்கார்ந்து திருப்பினார். பார்த்தேன். சக்கரம் திரும்பவில்லைங்க. ஸ்டியரிங் பெட்டியே தகட்டோடு சேர்ந்து நகர்ந்தது. விரிசல் வாயைத் திறந்து மூடியது. "சும்மா நிக்கும்போதே இப்படின்னா, பிரேக்கை அழுத்தி முழு பாரமும் முன்னாடி வந்து உக்காரும்போது கேக்கவே வேண்டாம். மனுஷன் என்னதான் திருப்பினாலும் வண்டி கேட்டிருக்காது" என்றார்.

அன்றைக்கு அடிபட்டது பாப்பா உட்கார்ந்திருந்த பக்கம். கிழிந்திருந்தது உங்கள் பக்கம். உங்கள் பக்கத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், அதையே ஒரு குற்றம் போல.

பட்டறை வாசலில் கவிழ்த்துப் போட்ட டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். முணுமுணு அண்ணன் டீ வாங்கி வரச்சொன்னார். அந்த டீ ஆறிப்போய் ஏடு கட்டும் வரை கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். மறந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டீர்கள். "அம்பது பேரைப் பத்திரமா கொண்டுபோறவருக்குப் பெத்த பொண்ணைக் கொண்டுவந்து சேக்கத் தெரியலையா?" என்று உங்கள் அக்கா, என் தம்பி எல்லோரும் நிற்கும்போது கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. அதையே நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். உங்களுக்கே தெரியவில்லை, இல்லையா? கண் அசந்துவிட்டோமோ, கை தப்பிவிட்டதோ என்று நீங்களும் உங்களையேதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

மூன்று முறை மெக்கானிக்கிடம் காட்டினீர்கள். மோசமான ரோட்டில் முன்பக்கம் நடுங்குகிறது, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது என்று நீங்கள் சொன்னது எனக்கும் தெரியும். டயரை மாற்றினார்கள், வீல் அலைன்மென்ட் பார்த்தார்கள், சரியாகிவிட்டது என்றார்கள். மட்கார்டைக் கழற்றிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. "பழைய வண்டின்னா ஆடத்தான் செய்யும்" என்று நானே உங்களைக் கிண்டல் செய்தேன்.

வீட்டுக்கு வந்து பாப்பாவிடம் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாள். "மயக்கம் தெளிஞ்ச மொத நாளே சொன்னேன்ல? அப்பா திருப்பினாரு, வண்டி திரும்பலன்னு. நான் அப்பாவுக்காகப் பொய் சொல்றேன்னு எல்லாரும் தலையத் தடவிக் குடுத்தீங்க" என்றாள். உண்மைதான். நானும் தடவிக் கொடுத்தேன். பதினாலு வயதுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. கேட்டேன். "சரி, சாப்பிடலாம் வாங்க" என்றாள். உங்கள் மகள்தான், சந்தேகமே இல்லை.

மறுநாள் முணுமுணு அண்ணனிடம் போய், விற்பதற்காக இல்லை, நாங்கள் வைத்துக்கொள்வதற்காகச் செய்யுங்கள் என்றேன். அப்படியானால் ஒட்டுப்போட்டால் மட்டும் போதாது என்றார். இந்த மாடலுக்கு முன்பக்கம் பிறவியிலேயே பலவீனமாம். ஒரு இடத்தை மட்டும் கெட்டியாக்கினால் பக்கத்து இடம் கிழியும் என்றார். எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. நைந்த சட்டையில் புதுத் துணி வைத்துத் தைத்தால் ஓரத்தில் பிய்ந்துகொண்டு வருமே, அதேதான். அதனால் கிழிந்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்ததோடு நிற்காமல், இரண்டு பக்கக் கிண்ணங்களையும் இணைத்துக் குறுக்கே ஒரு குழாய். ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் பின்னால், இன்ஜினுக்கும் நம் காலுக்கும் நடுவில் இருக்கிற சுவரின் மையம் வரைக்கும் சாய்வாக ஒரு குழாய். மேலிருந்து பார்த்தால் முக்கோணமாகத் தெரியும். "நாலு மூலைன்னா நசுங்கும், மூணு மூலை நசுங்காது" என்றார். போல்ட்டில்தான் மாட்டியிருக்கிறது, இன்ஜினை இறக்க வேண்டுமானால் கழற்றிக்கொள்ளலாம்.

இதில் என் வேலையும் இருக்கிறது. குழாய் முனைகள் உட்காருகிற இடத்துக்குத் தகடு வெட்ட வேண்டும், அந்த இடமெல்லாம் வளைவும் நெளிவும். அவர் இரண்டு தடவை வெட்டிப் பார்த்துத் தகட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் அட்டைப்பெட்டியைக் கிழித்து, காலருக்குப் பேட்டர்ன் எடுக்கிற மாதிரி அழுத்தி அழுத்தி மடித்து வெட்டிக் கொடுத்தேன். அச்சாக உட்கார்ந்தது. ஐந்து நிமிஷம் முணுமுணுக்காமல் இருந்தார், அதுதான் பாராட்டு. ஆனால் மூலைக்கு மூலை அளக்க என் டேப்பை நீட்டியதும், "துணி டேப் இழுத்தா நீளும் தங்கச்சி, அதை ஜாக்கெட்டோட வெச்சுக்கோ" என்று சொல்லி இரும்பு டேப்பை எடுத்தார். குறுக்காக மூலைக்கு மூலை அளந்த இரண்டு அளவுக்கும் நடுவில் ஒன்பது மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. அதை இழுத்து நேராக்கவே இரண்டு நாள் ஆனது.

எல்லாம் முடிந்து மூடினால் பானெட் சாத்தவில்லை! குறுக்குக் குழாய் அதில் இடித்தது. அன்றைக்கு அவர் முணுமுணுத்ததை எழுத முடியாது. குழாயை மறுபடி கழற்றி, நடுவில் கொஞ்சம் தாழ்த்தி வேறு செய்தார்.

பிறகு முன்பக்கம் ஒரு மூலையில் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, என்னைக் கதவைத் திறக்கச் சொன்னார். முன்பு அப்படித் தூக்கினால் உங்கள் பக்கக் கதவு இறுகிக்கொள்ளுமாம், உடம்பே முறுக்கிக்கொள்வதால். இப்போது ஒரு விரலால் திறந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் முதலில் தனியாக ஓட்டினார். அப்புறம் நான். நீங்கள் சொல்லிக்கொடுத்து லைசென்ஸ் வாங்கி அலமாரியில் வைத்திருந்தேனே, அதே நான்தான். பாப்பா முன்சீட்டில்தான் உட்காருவேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் பெல்ட் போட்டுவிட்டாள். கல் பெயர்ந்த ரோட்டில் போய், யாரும் இல்லாத இடத்தில் வேண்டுமென்றே பிரேக்கை மிதித்தேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் திட்டுவீர்கள். கார் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. பாப்பா பெருமூச்சு விட்டு, "இன்னொரு தடவை பண்ணுங்கம்மா" என்றாள். நான்கு தடவை செய்தோம். நான்காவது தடவை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

எங்கேயோ ஒரு சத்தம் மட்டும் இன்னும் வருகிறது. முணுமுணு அண்ணனுக்குப் பிடிபடவில்லை. உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கும். பல் டாக்டரிடம் காரை விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். வருத்தப்படவில்லை, பத்து வருஷம் கழித்துக் கேட்கிறேன் என்றார்.

உங்கள் அக்காவிடமும் என் தம்பியிடமும் நானே நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். யார் முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னேனோ அவர்கள் முன்னால்தான் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பஸ் டிப்போவில் உங்கள் பழைய வேலையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அது நீங்கள் கேட்க வேண்டியது, மனம் வந்தால்.

வெட்டியெடுத்த பழைய தகட்டைத் துணியில் சுற்றித் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஓரம் கூர்மை, கையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள். பகல் வெளிச்சத்தில் வைத்து விரிசலுக்குள் பாருங்கள். நான் சொல்வதை நம்ப வேண்டாம், பெயிண்டைப் பாருங்கள். நீங்கள் தூங்கவில்லை. உங்கள் கை தப்பவில்லை.

பார்த்த பிறகு லீவு எழுதிக் கொடுங்கள். ரயில் நிலையத்துக்கு நானே காரைக் கொண்டுவருகிறேன். அங்கிருந்து வீடு வரைக்கும் நீங்கள் ஓட்ட வேண்டும். நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன், ரோட்டைப் பார்க்க மாட்டேன்.

உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் நீங்கள்.

இப்படிக்கு,
இனிமேல் கேட்டுவிட்டுப் பேசப்போகிற
உங்கள் மனைவி.